மாஹேவுக்கு இறக்கிய கயிறு

“ஓகே போடும்மா” என்று நான் சொன்னபோது மணி பத்து நாற்பது.

இடம் புதுச்சேரி தட்டாஞ்சாவடி, என் ஆபீஸ். நாங்கள் மூன்று பேர். அறை முழுக்க வெற்றிலை வாசனை. அதற்கு அடியில் லேசாக ஐஸ் மீன் வாசனை.

கம்ப்யூட்டர் முன்னால் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தார். என்னிடம் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர், ஐம்பதைத் தொடப் போகிறவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்தப் பட்டாளத்து ஒழுங்கு மகளின் விரலுக்கு வந்துவிட்டது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது தப்பாது.

எதிர் நாற்காலியில் அஞ்சலாட்சி அக்கா. வெற்றிலையும் மீனும் அவளோடு வந்த வாசனைகள்தான். பெரிய மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்று ஆரம்பித்தவள், இன்றைக்குக் காரைக்காலில் ஒன்று, மாஹேயில் ஒன்று என இரண்டு குளிர்கிடங்குக்குச் சொந்தக்காரி. எனக்கு அறுபத்தாறு வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த ஊரில் மிச்சமிருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் முதல் ஆள் இவள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். பெரிய வேலை நடக்கும்போது நான் உட்காருவதில்லை.

சுவரில் ஒரு பெட்டி

அன்றைய வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். படிக்காத எனக்கே புரிந்த விஷயம், உங்களுக்குப் புரியாமல் போகாது.

மாஹே இருப்பது கேரளத்துக் கரையில். ஆனாலும் அது புதுச்சேரிதான். பிரெஞ்சுக்காரன் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து வைத்துவிட்டுப் போனதில் எங்கள் சர்க்காருக்கு நாலு ஊர். எனக்கும் நாலு ஊரில் கம்ப்யூட்டர் பெட்டி மாட்டிப் பார்த்துக்கொள்ளும் வேலை உண்டு. சர்க்காருக்கு அடுத்தபடியாக அப்படி இருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்று சொன்னால் சிலருக்கு வயிறு எரியும். எரியட்டும்.

மாஹே கிடங்கில் அக்காவின் கணவாயும் இறாலும் உறைந்து கிடந்தன. அந்தச் சீசனில் வாங்கிச் சேர்த்தது மொத்தமும் அங்கேதான். கிடங்குச் சுவரில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் திரை கிடையாது, தட்டுவதற்குக் கீபோர்டும் கிடையாது. உள்ளே குளிர் எவ்வளவு இருக்கிறது என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, சரக்கு வாங்கப்போகும் கொச்சிக் கம்பெனிக்கு இன்டர்நெட் வழியாகச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அது பேசாமல் இருந்தால், குளிர் குறைந்ததோ என்னவோ, இந்தச் சரக்கே வேண்டாம் என்று சொல்லக் கொச்சிக்காரர்களுக்கு உரிமை உண்டு. அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது.

அந்தப் பெட்டிக்கு வந்துகொண்டிருந்த பழைய இன்டர்நெட் லைனை அன்று காலை பதினோரு மணிக்கு வெட்டப்போகிறார்கள். புது லைனை இழுத்து, பெட்டியின் இன்னொரு துளையில் செருகியாயிற்று. இனிமேல் நீ இந்த வழியாகப் போ என்று பெட்டிக்குச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதைப் புதுச்சேரியில் இருந்துகொண்டு, பழைய லைன் வழியாகவே உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். ஏணி மேல் நின்றுகொண்டே அந்த ஏணியை அடுத்த சுவருக்கு மாற்றுகிற வேலை.

தப்பாகச் சொல்லிவிட்டால் பெட்டி நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம் ராத்திரி முழுக்க ரயிலில் போய் அதன் முன்னால் நின்றால்தான் உண்டு. அதற்குள் கணவாயைக் கொச்சி கைகழுவியிருக்கும்.

கீபோர்டுக்கு என்ன வேண்டுதல்

தள்ளிவிடப்பட்ட அனுபவம் எனக்கு இருக்கிறது. மறைக்க மாட்டேன்.

பல வருஷத்துக்கு முந்தி, காரைக்கால் கிடங்கில் இதே மாதிரி ஒரு பெட்டி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கிருந்தே அதன் முகவரியை மாற்றினேன். மாற்றிய வேகத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் பதில் இல்லை. கிடங்குக் காவல்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை.

மறுநாள் காலை காரைக்கால் பஸ் ஏறினேன். மறுநாள் என்றால் சனிக்கிழமை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பஸ் முழுக்கத் திருநள்ளாற்றுக் கூட்டம். எல்லார் மடியிலும் எள்ளும் நல்லெண்ணெயும். நான் மட்டும் ஒரு கீபோர்டைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடலூர் தாண்டுவதற்குள் ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“இது இன்னா வேண்டுதலுங்க?”

“கம்ப்யூட்டருதும்மா.”

“அதுக்கும் சனி புடிக்குதா?”

“ஏழரை நடக்குது” என்றேன்.

அந்த அம்மா பயபக்தியோடு கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காரைக்கால் வரைக்கும் நின்றே போனேன்.

அன்றைக்கு ஒரு விதி போட்டேன். வெள்ளிக்கிழமை காரைக்கால் பெட்டியைத் தொடக்கூடாது. இப்போது உலகம் முழுக்கவே கம்ப்யூட்டர்காரர்கள் வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே என்கிறார்களாம். அவர்களுக்குத் திருநள்ளாறு கிடையாது. காரணம் தெரியாமல் செய்கிறார்கள்.

நூறு எண்ணுவதற்குள்

அந்தப் பஸ்ஸில் நின்றபோதுதான் எனக்குக் கிணறு ஞாபகம் வந்தது.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. கேபிள் டிவி ஒயர் இழுத்து இந்தத் தொழிலுக்கு வருவதற்கும் முன்னால், உழவர்கரைப் பக்கம் கிணறுகளில் மோட்டார் பைப்பு மாட்டும் வேலை பார்த்தேன். மற்றவர்கள் தயங்கும் கிணற்றில் என்னைத்தான் இறக்குவார்கள். இடுப்பில் கயிறு. கயிற்றின் மறு முனை மேலே கண்ணப்பன் கையில். என் கூட்டாளி. எண்ணத் தெரிந்தவன்.

சாதாரணமாக எல்லாரும் என்ன சொல்லி இறங்குவார்கள்? ஆபத்து என்றால் கயிற்றை இழுக்கிறேன், தூக்கிவிடு என்பார்கள். கிணற்றில் விஷவாயு இருக்கும். மயங்கி விழுந்தவன் எப்படி இழுப்பான்?

நான் மாற்றினேன். நல்லாயிருந்தால் நான் இழுக்கிறேன். நீ நூறு எண்ணு. அதற்குள் இழுப்பு வரவில்லையென்றால் ஒன்றும் கேட்காதே, தூக்கிவிடு. இழுப்பு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணு.

ஒரு தடவை சேற்றில் ஒரு பழைய பிரெஞ்சுக் காசு கிடைத்தது. அதைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததில் கயிறு மறந்துபோயிற்று. திடீரென்று நான் மேலே போய்க்கொண்டிருக்கிறேன். முதுகு முழுக்கக் கல் சிராய்ப்பு. காசும் கீழே விழுந்துவிட்டது.

“ஏன்டா தூக்கின?”

“நூறு ஆச்சு.”

“உசுரோடதான்டா இருந்தேன்.”

“அது மேல இருக்கறவனுக்கு எப்புடித் தெரியும்?”

அடிக்கப் போனவன் நின்றுவிட்டேன். அவன் சொன்னது சரி.

காரைக்காலிலிருந்து திரும்பியதும் ரோஸ்லினிடம் சொன்னேன். “இனிமே பெட்டி இடுப்புல கயிறு கட்டணும்மா. மாத்தறத நெரந்தரமா எழுதக்கூடாது. மூணு நிமிஷம் பரீட்சை. அதுக்குள்ள நாம ஓகே சொன்னா எழுதிக்கட்டும். நம்ம சத்தம் அதுக்குக் கேக்கலன்னா, யாரையும் கேக்காம தானா பழைய மாதிரியே திரும்பிடணும்.”

அவர் செய்துகொடுத்தார். அதன் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பெட்டி. கீபோர்டோடு நான் பஸ் ஏறியது கிடையாது. கொஞ்ச நாள் கழித்து ரோஸ்லின், “சார், இந்த வசதி அந்த சாஃப்ட்வேர்லயே முன்னாடியே இருக்குது. ரொம்ப வருஷமா இருக்குதாம்” என்றார்.

இருக்கட்டும். நான் கிணற்றில் இறங்கியது அதற்கும் முந்தி.

உள்ளே உட்கார்ந்திருக்கிறவன்

மாஹே நாளுக்கு வருகிறேன்.

புது லைனுக்கு ஒரு வாசல் எண் உண்டு. பெட்டி எந்த வாசல் வழியாக வெளியே போக வேண்டும் என்பதற்கான எண். லைன் கொடுத்தவர்கள் அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். காகிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

ரோஸ்லின் எண்ணைக் கேட்டார். நான் பையைத் தொடவில்லை. அக்கா முன்னால் காகிதம் பார்த்துப் படிப்பதா? நோட்டுப் புத்தகம் வாங்க வக்கில்லாமல் வளர்ந்தவனுக்குத் தலைதான் நோட்டு. கடகடவென்று ஒப்பித்தேன்.

“பாத்தீங்களா அக்கா” என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

ரோஸ்லின் எண்ணைக் கொடுத்து, மூன்று நிமிஷக் கெடுவைத் தொடங்கினார். திரையில் விநாடிகள் குறைந்துகொண்டே வந்தன. மாஹே பெட்டியோடு பேசத் திரையில் திறந்து வைத்திருந்த ஜன்னலில் ஏதோ தட்டினார். மாஹே பதில் சொன்னது. இன்னொன்று தட்டினார். அதற்கும் பதில் வந்தது.

“வேல செய்யுதே” என்றாள் அக்கா.

“செய்யாம?” என்றேன்.

ரோஸ்லின் மட்டும் தலையைச் சாய்த்தார். “சார், இது நாம பழைய லைன்ல தொறந்த ஜன்னல். புதுசா வெளியிலேர்ந்து ஒரு தடவ தட்டிப் பாத்துடறேன். ரெண்டு நிமிஷம் இருக்குது.”

“அதான் பேசுதேம்மா. ஓகே போடும்மா.”

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போட்டார்.

போட்டபின் புதிதாகத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். திறக்கவில்லை. கொச்சிக்குப் போகும் கணக்கைக் காட்டும் பக்கத்தைத் திறந்தார். பத்து முப்பத்தெட்டோடு நின்றிருந்தது.

நடந்தது இதுதான். வீட்டின் பூட்டை மாற்றினாலும், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் உட்கார்ந்துதான் இருப்பான். அவனிடம் போய், பூட்டு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், எனக்கு ஒரு குறையும் இல்லையே என்பான். வெளியில் போய் நின்று சாவி போட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். நான் உள்ளே இருந்தவனைக் கேட்டுவிட்டு ஓகே சொல்லிவிட்டேன். பெட்டியும் அதை நிரந்தரமாக எழுதிக்கொண்டது.

ஜன்னலை மூடித் திறந்தால் சரியாகிவிடும் என்று நான் மவுஸில் கையை வைத்தேன். ரோஸ்லின் என் கையில் ஒரு அடி போட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

“தொடாதீங்க சார். நம்ம ஆளு உள்ள இருக்கறது இந்த ஒரு ஜன்னல்தான். இத மூடினா மாஹேக்கு டிக்கெட்டு எடுக்க வேண்டியதுதான்.”

“பழைய லைனுக்கே திருப்பிடேன்.”

“பதினோரு மணிக்கு அத வெட்டிடுவாங்க. இந்த ஜன்னலும் அதோட போயிடும்.”

அக்கா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். “தம்பி, எஞ் சரக்கு?”

இருபது நிமிஷம்கூட இல்லை.

ஒரு சாயா

அப்போது அக்காவின் போன் அடித்தது. மாஹே கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் குஞ்ஞிக்கண்ணன். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சேச்சி, பெட்டியிலே பச்சை லைட்டு மின்னுந்நில்ல. ஞான் ஒருக்கா ஆஃப் செய்து ஆன் செய்யட்டே?”

குஞ்ஞிக்கண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். எது நின்றாலும் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவான். பரீட்சை நடக்கும் மூன்று நிமிஷத்துக்குள் பிடுங்கியிருந்தால் அவனுக்குக் கோயில் கட்டியிருப்பேன். எழுதாத மாற்றத்தைப் பெட்டி மறந்துவிட்டுப் பழையபடி எழுந்திருக்கும். இப்போதோ தப்பு எண்ணை எழுதி வைத்தாயிற்று. பிடுங்கினால் எங்கள் ஜன்னல் மூடிக்கொள்ளும், பெட்டி அதே தப்போடு எழுந்திருக்கும்.

ரோஸ்லின் இரண்டு கையையும் ஆட்டினார். அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

“கண்ணா, எங்க நிக்கற?”

“பெட்டியின் அடுத்து, சேச்சி.”

“கைய எடுத்துட்டுத் தள்ளி நில்லு. ஒயரு வெட்டற ஆளு வந்துட்டானா?”

“வந்நு. ஏணி சாச்சு.”

“வெயில்ல வந்திருப்பான், பாவம். கூட்டிட்டுப் போய் சாயா வாங்கிக் குடு. பழம்பொரியும் வாங்கிக் குடு. சுடச்சுட போட்டு எடுத்ததா இருக்கணும். ஆறினது வேணாம்.”

“பெட்டி?”

“பெட்டி எங்கயும் ஓடாது. நீயும் சாப்புடு.”

ஒரே சாயாவில் ஏணிக்காரனையும் பிளக்குக்காரனையும் கிளப்பிவிட்டாள். சூடு ஆறுகிற வரை இரண்டு பேரும் நகர மாட்டார்கள். மார்க்கெட்டில் வளர்ந்த மூளை. எனக்கு அடுத்தபடியாகச் சொல்லலாம்.

இந்தப் பக்கம் ரோஸ்லின் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “பேப்பர எடுங்க சார்.”

“எண்ணு சரிதாம்மா.”

“பேப்பர்.”

“பிளக்கு லூசா இருக்கும். குஞ்ஞிக்கண்ணன் கைபட்டிருக்கும்.”

அவர் கையை மடக்கவில்லை. நான் புது லைனைக் குறை சொன்னேன். மாஹே மழையைச் சொன்னேன். அங்கே மழை பெய்கிறதா என்று எனக்குத் தெரியாது. மணி பத்து ஐம்பத்திரண்டு ஆயிற்று.

“தம்பி,” அக்கா சொன்னாள், “சட்டப் பையில இன்னா வச்சிருக்க, நகையா? எடு வெளிய.”

எடுத்தேன். காகிதத்தில் இருந்தது வேறு எண். நான் ஒப்பித்தது காரைக்கால் கிடங்கின் எண். ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன். ஊர்தான் வேறு.

ரோஸ்லின் காகிதத்தை வாங்கிக்கொண்டார். மிச்சமிருந்த அந்த ஒரு ஜன்னல் வழியாகச் சரியான எண்ணைக் கொடுத்தார். மறுபடி மூன்று நிமிஷக் கெடு.

“இந்த தபா நம்ம ஆபீஸ்ல இருந்து பாக்க வேணாம். அக்கா போன்ல பாக்கட்டும். வெளி ஆளு தட்டினா தொறக்கணும், அதான் கணக்கு. மூணு நிமிஷத்துல ஓகே வரலன்னா, முன்னாடி எழுதி வச்ச தப்பு எண்ணுக்கே போயிடும். மறுபடி போட நேரம் இருக்காது” என்றார் ரோஸ்லின்.

போன் மறுபடி அடித்தது. “சேச்சி, சாயா கழிஞ்ஞு. ஆளு ஏணியில் கேறுந்நு.”

“ஏறட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா அழைப்பை வெட்டினாள். கண்ணாடி விரிசல் விட்ட அந்தப் போனிலேயே கிடங்கின் குளிரைக் காட்டும் படத்தைத் தொட்டாள். பார்த்தாள். ஏலத்தில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற முகம். நல்ல மீனா, நாள்பட்டதா என்று எதிரில் நிற்பவனால் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“தெரியுதாக்கா?”

“தெரியறது இருக்கட்டும். தம்பி, பையில காயிதத்த வச்சிக்கினு பாக்காம சொன்னது யாரு?”

“அக்கா, நேரம் ஓடுது.”

“அந்தப் பொண்ணு தட்டிப் பாக்கறேன்னு சொல்லச் சொல்ல ஓகே போடச் சொன்னது யாரு?”

திரையில் எண்பது விநாடி இருந்தது.

“சரக்கு உன்னுதுக்கா.”

“எனக்குத் தெரியாதா? நான் செஞ்சது தப்புன்னு உன் வாயால சொல்லு. சொன்னாத்தான் நான் பாத்தத சொல்லுவேன்.”

ரோஸ்லின் ஓகே விசைக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்கு எதிராக இரண்டு பெண்களும் கூட்டு என்பது அப்போதுதான் புரிந்தது.

தப்பு என்கிற அந்த ஒரு சொல்லை என் வீட்டுக்காரியே என் வாயிலிருந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அறுபது விநாடி. அக்கா சும்மா மிரட்டுகிறாள், கடைசியில் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். பெரிய மார்க்கெட்டில் விலை படியாவிட்டால் கூடை மீனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். நாற்பது விநாடி.

“தப்புதான்” என்றேன்.

“கேக்கல. பக்கத்துப் பட்டறையில தகடு வெட்டறான்.”

“தப்புதான்க்கா. காயிதத்தப் பாத்திருக்கணும். ரோஸ்லின் பேச்சக் கேட்டிருக்கணும்.”

பதினேழு விநாடி. அக்கா போனைத் திருப்பினாள். “மைனஸ் பதினெட்டு. போட்டுடு ரோஸ்லினு.”

ரோஸ்லின் போட்டார். கொச்சிப் பக்கத்தில் கணக்கு மறுபடி ஓடியது. கால் மணி நேரத்துக்குமேல் விட்டுப்போயிருந்தது. ஒரு மணியைத் தொடவில்லை, சரக்கு தப்பித்தது. சிறிது நேரத்தில் மாஹேயில் பழைய ஒயர் வெட்டுப்பட்டது. எங்கள் ஜன்னல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து என் ஆபீஸில் ஒரு விதி இருக்கிறது. மாற்றினவன் ஓகே சொல்லக்கூடாது. எவருடைய சரக்கோ அவர் வெளியிலிருந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். விதியைப் போட்டவன் நான்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள். அப்போது ரோஸ்லின் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“சார், இப்ப தப்புன்னு சொன்னீங்களே, அத எழுதி வச்சிக்கலாமா, இல்ல மூணு நிமிஷத்துல பழைய மாதிரியே திரும்பிடுவீங்களா?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

அஞ்சலாட்சி அக்கா திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, போனில் மணி பார்த்தாள்.

“இரு, பாத்துட்டே போறேன்” என்றாள்.